மரபணுவை மௌனமாக்கலாமா?

காலில் முள் தைத்தால் என்ன நடக்கிறது? சற்று நேரத்தில் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் எழுதி வைத்துள்ளார். இதற்கு அழற்சி என்று பெயர். பெயரைக் கேட்டதும் இதையே நோய் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே புகுந்த கிருமிகளோடு நம் வெள்ளணுக்கள் போர் புரிவதன் அடையாளமே அது. போர் முடிந்ததும் படை கலையும், வீக்கமும் வற்றிவிடும்.

ஆனால் சிலருடைய உடலில் பகைவன் இல்லாதபோதும் போர் ஓய்வதில்லை. மூட்டுகளில் அது நடந்தால் முடக்குவாதம். குடலில் நடக்கும் வகைகளுள் ஒன்று க்ரோன் நோய். 1932-ல் தம் துணைவர் இருவருடன் அதை விவரித்து எழுதிய நியூயார்க் மருத்துவர் பரில் க்ரோனின் பெயரால் அது வழங்குகிறது. வயிற்றுவலி, விடாத வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு, சோர்வு ஆகியவை அதன் தொல்லைகள். பெரும்பாலும் நம் வயதிலோ நம் அக்காமார் வயதிலோதான் அது தொடங்குகிறது என்று அறியும்போது நமக்குத் திக்கென்றிருக்கிறது.

இதற்கு மருந்தே இல்லையா? உண்டு. ஸ்டீராய்டு மருந்துகள் போரை அடக்கும். ஆனால் நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும். வளரும் பிள்ளைகளுக்கு வளர்ச்சி தடைப்படும். 1998-ல் இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி மருந்து அமெரிக்காவில் க்ரோன் நோய்க்கு அங்கீகாரம் பெற்றது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை அது பிடித்துக் கட்டிவிடுகிறது. பலர் இதனால் நலமடைந்தார்கள். எனினும் காவற்படையின் கையைக் கட்டினால், உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளக் கூடும். ஆகவே காசநோய் உண்டா என்று சோதித்த பின்னரே மருத்துவர்கள் இம்மருந்தைத் தொடங்குகிறார்கள். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இது சிறிய செய்தி அன்று.

புரதம் உண்டான பிறகு அதைத் துரத்திப் பிடிப்பதைவிட, அது உண்டாகாமலேயே தடுத்தால் என்ன? இங்கேதான் மரபணுவை மௌனமாக்கும் முறை வருகிறது.

நம் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். தலைமை ஆசிரியையின் அறையில் ஆணைப் பதிவேடு பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து ஒன்றை நகலெடுத்துச் சுற்றறிக்கையாக வகுப்புகளுக்கு அனுப்புகிறார்கள். அதைப் படித்ததும் வகுப்பில் வேலை நடக்கிறது. செல்லிலும் அப்படியே. பதிவேடு டி.என்.ஏ.; அது உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. சுற்றறிக்கை தூதுவர் ஆர்.என்.ஏ.; வேலை என்பது புரதம். இப்போது, சுற்றறிக்கையை வராந்தாவிலேயே யாரேனும் பிடுங்கிக் கிழித்துவிட்டால்? பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் வேலை நடக்காது! (இதைப் படிக்கும் அருட்சகோதரிகள் நாங்கள் ஏதோ திட்டமிடுகிறோம் என்று எண்ண வேண்டாம்.)

எந்தச் சுற்றறிக்கையைக் கிழிப்பது என்று மருந்துக்கு எப்படித் தெரியும்? ஆர்.என்.ஏ. நான்கு எழுத்துகளால் ஆனது. ஏ என்பது யு என்பதோடும், ஜி என்பது சி என்பதோடும் இணைசேரும். ஆகவே வேண்டாத செய்தியின் ஒரு பகுதிக்கு நேர் இணையான சிறு துண்டைச் செய்து அனுப்பினால், அது அந்தச் செய்தியோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் செல்லின் நொதிகளே செய்தியை வெட்டிவிடுகின்றன. அத்துண்டுக்கு இருபது எழுத்துகள் அளவே போதும்.

மரபணு இவ்வாறு வாய் மூடும் என்பதை முதலில் காட்டியவற்றுள் ஒன்று ஒரு பூச்செடி. அமெரிக்காவில் ரிச்சர்டு ஜோர்கென்சனும் துணைவர்களும் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க எண்ணி, நிறம் தரும் மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பூக்கள் பல வெள்ளையாகப் பூத்தன! 1990-ல் அவர்கள் இதை வெளியிட்டபோது காரணம் விளங்கவில்லை. 1998-ல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவில் விடை கண்டார்கள். தசை மரபணு ஒன்றுக்குரிய ஆர்.என்.ஏ.வை இரட்டை இழையாகச் செலுத்தியதும், அம்மரபணு அடங்கிப்போய்ப் புழுக்கள் துடித்தன. இதற்காக 2006-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒற்றை இழைத் துண்டாலும் செய்தியை அழிக்கலாம். அது தனி வழி.

இனிக் குடலுக்குத் திரும்புவோம். "போதும், நில்லுங்கள்" என்று படையை அடக்கும் டி.ஜி.எஃப். பீட்டா என்ற புரதம் நம் உடலிலேயே உண்டு. க்ரோன் நோயாளரின் குடலிலும் அது இருக்கிறது. ஆனால் ஸ்மாட் 7 என்ற இன்னொரு புரதம் அளவுக்கு மீறிப் பெருகி, அந்தச் சொல்லைக் கேட்க விடாமல் செல்லின் காதை அடைத்துவிடுகிறது. இத்தாலிய மருத்துவர் ஜியோவான்னி மோன்டெலியோனேயும் அவருடைய துணைவர்களும் 2001-ல் இதைக் கண்டறிந்தார்கள். ஸ்மாட் 7-ஐ மௌனமாக்கினால் உடல் தன் சொல்லைத் தானே கேட்கும் அல்லவா? அழகான எண்ணம்! மோஞ்செர்சன் என்ற ஒற்றை இழை மருந்து இதற்காகவே உருவானது. இரைப்பையில் கரையாமல் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கரையும்படி அதை மாத்திரையாக்கினார்கள்.

2015-ல் வெளியான முடிவைப் பார்த்து மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 166 நோயாளிகளுக்கு இரண்டு வாரம் மாத்திரை தரப்பட்டது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 10 விழுக்காட்டினரே தொல்லை நீங்கப் பெற்றார்கள். 160 மில்லிகிராம் பெற்றவர்களிலோ 65 விழுக்காட்டினர். ஆனால் குடலுக்குள் உள்நோக்கிக் கருவியைச் செலுத்திப் புண் ஆறியதா என்று அதில் அளந்து பார்க்கவில்லை. அது பெருங்குறை என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிறகு ஏறத்தாழ எழுநூறு பேரைக் கொண்டு பெரிய சோதனை நடந்தது. 2017 அக்டோபரில் அதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட மருந்து மேலாக இல்லை. அந்த எழுநூறு பேரும் அவர்களுடைய தாய் தந்தையரும் எவ்வளவு நம்பிக்கையோடு நாள் எண்ணியிருப்பார்கள்!

எங்கே தவறியது? மோன்டெலியோனே குழுவினர் பின்னர் மருந்தின் வெவ்வேறு தயாரிப்புகளைச் சோதனைச்சாலையில் ஒப்பிட்டார்கள். எழுத்து வரிசை ஒன்றேயாயினும், ஸ்மாட் 7-ஐ அடக்கும் ஆற்றல் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபட்டிருந்தது. தயாரிப்பின் குற்றமே தோல்விக்குக் காரணம் என்பது அவர்கள் துணிபு.

இம்முறை நன்கு பலித்திருக்கும் உறுப்பு கல்லீரல். ஒருவகைச் சர்க்கரையை மருந்தோடு பிணைத்துவிட்டால், கல்லீரல் செல்கள் அதை அடையாளம் கண்டு தாமே உள்ளிழுத்துக்கொள்ளும். பரம்பரையாக வரும் வீக்க நோய் ஒன்றில் முகமும் கைகளும் திடீரென வீங்கும். தொண்டை வீங்கினால் மூச்சடைத்து உயிரே போகலாம். அவ்வீக்கத்துக்கு அடிப்படையான புரதம் கல்லீரலில் உண்டாகிறது. அதன் செய்தியை அழிக்கும் டோனிடலார்சன் என்ற மருந்தை 2025-ல் அமெரிக்கா அங்கீகரித்தது. நான்கு வாரத்துக்கோ எட்டு வாரத்துக்கோ ஒரே ஊசி. தோலுக்கடியில் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். க்ரோன் நோயாளரின் குடலுக்கு இத்தகைய மருந்து இன்னும் அங்கீகாரம் பெறவில்லை.