எண்ணெய் இல்லாமல் வழுக்கும் உலோகம்: திட மசகுப் பூச்சுகள்

கருத்துணர்தலில் அறிவியல் பனுவல் வந்தாலே சில மாணவர்கள் அதை விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுறாங்க. சொற்கள் புதுசா இருப்பதுதான் காரணம். காரணமும் விளைவும் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் பாதி பயம் போய்விடும். அதற்கு ஏற்ற ஒரு தலைப்பு இது. ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தலாம். மாணவர்கள் தாங்களே படித்தும் பயிற்சி செய்யலாம்.

உராய்வும் தேய்மானமும்

இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று நகரும்போது, அந்த நகர்வை எதிர்க்கும் விசை உராய்வு. அப்போது பரப்பிலிருந்து பொருள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வது தேய்மானம். இரண்டையும் குறைக்க எண்ணெய் ஊற்றுகிறோம், கிரீஸ் தடவுகிறோம். மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு அது போதும். விண்வெளியிலோ எண்ணெய் மெல்ல ஆவியாகி அருகிலுள்ள கேமரா வில்லைகளில் படியும், கடுங்குளிரில் இறுகிவிடும். உலைச் சூட்டில் கருகிப் போகும். ஆகவே இத்தகைய இடங்களில் திடப்பொருளையே மெல்லிய பூச்சாகப் பூசி மசகாக்குகிறார்கள்.

திடப்பொருள் எப்படி வழுக்கும்?

சிப் இறுகிக்கிட்டா பென்சில் முனையை அதன் பற்களில் தேய்ப்போம், இல்லையா? பென்சிலில் உள்ள கிராஃபைட் ஒரு திட மசகு. அதன் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்தவை. தாள்கட்டு ஒன்றை மேசையில் வைத்து மேலிருந்து அழுத்துங்கள், அது தாங்கும். பக்கவாட்டில் தள்ளுங்கள், தாள்கள் சறுக்கும். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் பிணைப்பு வலுவானது, அடுக்குகளுக்கு இடையே வலுக்குறைந்தது என்பதே காரணம்.

மாலிப்டினம் டைசல்பைடும் இப்படித்தான். இரண்டு கந்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு மாலிப்டினம் அடுக்கு. மசகில்லாத எஃகு எஃகின்மேல் நகர்ந்தால் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.6. வெற்றிடத்தில் இந்தப் பூச்சு அதை 0.05க்கும் கீழே கொண்டுவந்துவிடும். பூச்சின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர் அளவே இருக்கும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது.

இங்கே ஒரு முரண் உண்டு. கிராஃபைட் நன்றாக வழுக்க, காற்றில் ஈரம் வேண்டும். வெற்றிடத்தில் அது வேகமாகத் தேய்ந்துபோகும். மாலிப்டினம் டைசல்பைடுக்கோ ஈரம்தான் எதிரி.

விரியாத குடை

இந்தப் பூச்சு தேய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாசாவின் கலிலியோ விண்கலம் சாட்சி. வியாழன் கோளை நோக்கி 1989 அக்டோபரில் அது ஏவப்பட்டது. அதன் முதன்மை அலைவாங்கி 4.8 மீட்டர் அகலம், 18 கம்பிகள் கொண்ட ஒரு குடை. 1991 ஏப்ரலில் விரிக்க ஆணை அனுப்பினார்கள். சில கம்பிகள் சிக்கிக்கொண்டன, குடை முழுதாக விரியவில்லை.

ஏன்? 1986 சேலஞ்சர் விபத்தால் பயணம் தள்ளிப்போனது. இடையில் கலம் கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்கும் இடையே லாரியில் பலமுறை போய்வந்தது. அந்த அதிர்வில் கம்பிகளைப் பிடித்திருந்த ஊசிகளின் மசகுப் பூச்சு தேய்ந்தது. பூச்சு போன உலோகம் உலோகத்தோடு பற்றிக்கொண்டது என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தனர். விளைவு? நொடிக்கு 134,000 பிட் அனுப்ப வேண்டிய கலம், சிறிய அலைவாங்கி வழியாக அதிகபட்சம் 160 பிட்தான் அனுப்பியது. தரவுகளைச் சுருக்கி அனுப்பும் புதிய மென்பொருளை ஏற்றி, திட்டமிட்ட இலக்கில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை மீட்டார்கள்.

பச்சோந்திப் பூச்சு

ஒரே பொருள் எல்லாச் சூழலுக்கும் பொருந்தாது. ஆகவே பல பொருள்களைக் கலந்து பூசும் முறை வந்தது. அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடம் உருவாக்கிய 'பச்சோந்திப் பூச்சு' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உறுதியான பீங்கான் வகைப் பொருளுக்குள் மாலிப்டினம் டைசல்பைடு, வைரம் போன்ற கரிமம், தங்கம் ஆகியவை நுண்துகள்களாகப் பொதிந்திருக்கும். ஈரக்காற்றில் கரிமம் வேலை செய்யும். வெற்றிடத்தில் மாலிப்டினம் டைசல்பைடு முன்வரும். கடும் வெப்பத்தில் மென்மையான தங்கம் கைகொடுக்கும். சூழல் மாற மாற மேற்பரப்பும் மாறுவதால்தான் இந்தப் பெயர்.

பயிற்சி

1. விண்வெளியில் எண்ணெயைத் தவிர்ப்பதற்கான இரண்டு காரணங்களைக் குறிப்பிடுக.
2. ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் வீட்டுக் கதவுப் பூட்டுக்குக் கிராஃபைட், மாலிப்டினம் டைசல்பைடு இரண்டில் எது பொருந்தும்? பனுவலைக் கொண்டு ஊகித்து விளக்குக.
3. 'பச்சோந்தி' என்னும் உருவகம் எவ்வாறு பொருந்துகிறது?
4. கலிலியோவுக்கு நேர்ந்ததை, காரணமும் விளைவும் புலப்பட, 40 சொற்களில் சுருக்கி எழுதுக.

ஆசிரியர்களுக்கு: நான்காம் கேள்விக்கு முன், 'ஆகவே', 'அந்த அதிர்வில்', 'விளைவு' போன்ற இணைப்புகளை மாணவர்களே கோடிடட்டும். எண்களைப் பட்டியலிடும் விடைக்கும், ஒன்றால் மற்றொன்று நேர்ந்ததைக் காட்டும் விடைக்கும் உள்ள வேறுபாடு அவங்களுக்கே புரிஞ்சிடும்.