திருவெள்ளறைக் கிணறு: பொறுப்பு யாருக்குன்னு கல்லில் எழுதி வைத்த ஊர்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

திருச்சி, ஸ்ரீரங்கம் பற்றி யார் பேசினாலும் மலைக்கோட்டை, ராஜகோபுரம், காவிரிப் பாலம், இதோட முடிஞ்சிடும். நானும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவன்தான், அதனால அந்தப் பெருமையெல்லாம் எனக்கும் உண்டு. ஆனா இன்னைக்கு நாம கொள்ளிடத்தைத் தாண்டி, மண்ணச்சநல்லூரில் அரிசி மில்களைக் கடந்து, துறையூர் ரோட்டில் இன்னும் கொஞ்சம் வடக்கே போகப் போறோம். திருச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஊர் பேர் திருவெள்ளறை. அறைன்னா பாறை. வெள்ளைப் பாறை மேல கோயில், அதைச் சுத்தி ஊர். அவ்வளவுதான் பேருக்கு அர்த்தம்.

108 திவ்யதேசங்களில் ஒண்ணு. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடின ஊர். நாதமுனிகளின் சீடர் உய்யக்கொண்டார் பிறந்தது இங்கேதான். பெருமாள் பேர் புண்டரீகாட்சன், ஆனா இங்க புறப்பாட்டில் தாயார்தான் முன்னாடி போவாங்க, பெருமாள் பின்னாடி வருவார். சன்னதிக்குப் போக ரெண்டு வாசல் உண்டு: தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். கோயிலைப் பற்றி இதுக்கு மேல நான் சொல்லலை, யூடியூப்ல நிறைய இருக்கு. எனக்குப் பேச வேண்டியது மதிலுக்கு வெளியே இருக்கிற கிணறு.

முதல்ல அது எப்படி இருக்குன்னு மனசுக்குள்ள வரைஞ்சு பாருங்க. நடுவில் ஒரு சதுரக் கிணறு. நாலு பக்கத்திலிருந்தும் படிக்கட்டு இறங்குது. ஆனா எந்தப் படிக்கட்டும் நேரா தண்ணிக்குப் போகாது. கொஞ்ச தூரம் இறங்கினதும் ஒரு திருப்பம், அதுக்கப்புறம்தான் கிணறு. மேலிருந்து பார்த்தா சுவஸ்திக் வடிவம். (ஹிட்லர் ஞாபகம் வருதுன்னு ஒரு நண்பர் சொன்னார். அவர் பிறக்கிறதுக்குக் கிட்டத்தட்ட 1100 வருஷம் முன்னாடி கட்டினதுங்க இது.)

இந்தத் திருப்பத்தால என்ன ஆகுதுன்னா, ஒரு படிக்கட்டில் இறங்கி நிக்கிறவங்களுக்கு அடுத்த படிக்கட்டில் இருக்கிறவங்க தெரிய மாட்டாங்க. அதனால ஊர்க்காரங்க இதுக்கு வெச்ச பேர் மாமியார் மருமகள் குளம். ஒரே நேரத்தில் ரெண்டு பேரும் குளிக்க வந்தாலும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்க வேண்டாம். கல்வெட்டு ஆய்வாளர்கள் வைக்கிற பேர்களை விட எனக்கு இந்தப் பேர்தான் பிடிச்சிருக்கு. அந்த இடத்தில் தினமும் நின்னு குளிச்சவங்களால மட்டும்தான் இப்படிப் பேர் வைக்க முடியும்.

நம்ம ஊர்க் கிணறு பெரும்பாலும் கயிறும் ராட்டினமும்தான். இது படி இறங்கிப் போய் மொள்ளுற கிணறு. தண்ணி மட்டம் இறங்க இறங்க நீங்களும் கூடவே இறங்கலாம். மழைக்காலத்தில் மேல் படியிலேயே தண்ணி, சித்திரையில் கீழே. ஸ்ரீரங்கத்துக்கு ரெண்டு பக்கமும் ஆறு, இங்கே பாறை மேடு. அதனால கிணறுங்கிறது இங்க அலங்காரம் கிடையாது. படிக்கிணறுன்னாலே குஜராத்தின் ராணி கி வாவ்தான் எல்லாருக்கும் தெரியும், நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிறது. அது 11-ஆம் நூற்றாண்டு. திருவெள்ளறைக் கிணறு சுமார் கி.பி. 800. நோட்டில் இடம் கிடைக்கலை, பரவாயில்லை.

சரி, யார் கட்டினது? இங்கதான் கதை சுவாரஸ்யமாகுது. பல்லவ மன்னன் தந்திவர்மன் ஆட்சியின் 4-ஆம் ஆண்டில் ஆரம்பிச்சு 5-ஆம் ஆண்டில் முடிச்சதா கல்வெட்டு சொல்லுது. கட்டினவர் மன்னர் இல்லை. ஆலம்பாக்கத்து விசைய நல்லுழான் என்பவரின் தம்பி, கம்பன் அரையன். கிணற்றுக்கு மார்ப்பிடுகு பெருங்கிணறுன்னு பேர். மார்ப்பிடுகு மன்னனோட பட்டப்பெயர், அதாவது தனியார் செலவு, அரசர் பேர். இதே பட்டப்பெயரில் ஆலம்பாக்கத்தில் ஒரு ஏரியும் இருந்திருக்கு.

கூடவே நிலையாமை பற்றி ஒரு செய்யுளும் வெட்டியிருக்காங்க. சாரம் இதுதான்: இந்த உலகம் நிலைக்காது, மூப்பு வரும், அதுக்குள்ள நீ சாப்பிட்டது போக மிஞ்சினதை ஊருக்குத் தெரியற மாதிரி வெச்சிட்டுப் போ. மிஞ்சின காசில் கிணறு வெட்டினவர் சொன்னா கேட்டுக்கலாம்.

ஆனா என்னை உண்மையில் நிறுத்தினது இன்னொரு வரி. இதைக் காப்பாத்தப் போறவங்க இவ்வூர் மூவாயிரத்து எழுநூற்றுவர்னு கல்வெட்டு சொல்லுது. கட்டினவர் பேர் இருக்கு, தேதி இருக்கு, அதோட யார் பராமரிக்கணும்ங்கிறதும் அங்கேயே இருக்கு. நான் வேலை பார்க்கிற துறையில் இந்த மூணாவது விஷயம்தான் எப்பவும் விட்டுப்போகும். ஒரு சிஸ்டத்தைக் கட்டி லான்ச் பண்றப்போ கேக் வெட்டுவோம். ரெண்டு வருஷம் கழிச்சு அது நடுராத்திரி விழுந்தா யாருக்கு போன் போகணும்னு எங்கேயும் எழுதியிருக்காது.

3700 யார்? ஸ்தல புராணம் இப்படிச் சொல்லும்: சிபிச் சக்ரவர்த்தி ஒரு வெள்ளைப் பன்றியைத் துரத்திக்கிட்டு வந்தார், அது ஒரு புற்றுக்குள் மறைஞ்சுது, பெருமாள் காட்சி கொடுத்தார். கோயில் கைங்கர்யத்துக்காக வடக்கிலிருந்து 3700 வைணவர்களைக் கூட்டி வந்தார். வழியில் ஒருத்தர் இறந்துட்டார். எண்ணிக்கை குறையக்கூடாதுன்னு பெருமாளே அந்த ஒருத்தரா வந்து நின்னாராம். புராணம் புராணம்தான். ஆனா 3700-ங்கிற எண் 1200 வருஷம் முன்னாடி கல்லில் இருக்கு. தலைகளை எண்ணி வந்ததோ, ஒரு சபையோட பேரோ, "நாங்க இத்தனை பேர்"னு ஒரு ஊர் தன்னை அழைச்சுக்கிட்டிருக்கு. ஆள் போனாலும் எண்ணிக்கை குறையாது, கடவுளே வந்து நிரப்புவார்ங்கிற கதையும் அதுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.

இது திருவெள்ளறைக்கு மட்டுமான வழக்கம் இல்லை. நூறு வருஷம் கழிச்சு, முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம்னு தனிக் குழுவே வருது, குடவோலையில் ஆள் எடுக்கிறாங்க. ரொம்பப் பின்னாடி இதையே குடிமராமத்துன்னு சொன்னோம். வெள்ளைக்காரன் 1858-இல் சட்டம் போட்டு அந்த வேலையைக் கட்டாயமாக்கப் பார்த்தான். தமிழ்நாடு அரசு 2017-இல் அதே பேரில் திட்டம் கொண்டு வந்துச்சு.

இப்போ கசப்பான பகுதி. "இவ்வூர்"னு சொன்னா யார் யார்? மரபு சொல்ற 3700 பேர் ஒரு குறிப்பிட்ட சமூகம். அந்த ஊர் நிலத்தில் இறங்கி உழைச்ச மற்றவங்க அந்த எண்ணிக்கைக்குள் வரலை. பொதுக் கிணறு, பொதுச் சாலை எல்லாருக்கும் திறந்திருக்கணும்னு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டு வந்தது 1924-இல். அதாவது அப்போ வரைக்கும் அதைத் தீர்மானமாப் போட வேண்டிய நிலைமை இருந்திருக்கு. மகாடில் அம்பேத்கர் குளத்துத் தண்ணியைக் கையில் எடுத்தது 1927. அதனால யாராவது "அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து நீர்நிலையைக் காப்பாத்துச்சு"ன்னு வாட்ஸ்அப்பில் அனுப்பினா, நான் ரெண்டையும் சேர்த்துத்தான் படிப்பேன். பொறுப்பெடுத்தது நிஜம். அந்த "ஊர்"ங்கிற சொல்லுக்கு வேலி இருந்ததும் நிஜம்.

சிலர் கேக்கலாம்: பம்பும் குழாயும் வந்தாச்சு, இனி எதுக்கு இந்தக் கிணறு? போர்வெல் வந்தப்புறம் வீட்டுக்கு வீடு தனித்தனித் தண்ணி. என் தண்ணி வத்தினா நான் இன்னும் ஆழமா போடுவேன், பக்கத்து வீட்டுக்கு வத்தினா அது அவங்க பாடு. படிக்கிணற்றில் தண்ணி எத்தனை படி இறங்கியிருக்குன்னு ஊருக்கே கண்ணில் தெரியும். பூமிக்கடியில் 500 அடியில் என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாப் படுது.

போகணும்னா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மண்ணச்சநல்லூர் வழியா துறையூர் போற பஸ் ஏறுங்க. காலையிலேயே போயிடுங்க, மத்தியானம் பாறை சுடும். நுழைவாசல்களில் சிற்பம் இருக்கு, நாலையும் சுத்திப் பாருங்க. போயிட்டு வந்து உங்க சொந்த ஊர் ஏரி மதகை இப்போ யார் திறக்கிறாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதைத்தான் போடப் போறேன்.