வாஷி பாலம் தாண்டினால் கோர்ட்டே மாறிவிடும், தெரியுமா?

செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் ஏறி நெருளில் இறங்குகிறீர்கள். அதற்குள் ஒரு நீதிமன்ற எல்லையை விட்டு இன்னொன்றுக்குள் வந்துவிட்டீர்கள், தெரியுமா? மான்குர்டுக்கும் வாஷிக்கும் நடுவே கடற்கழியைத் தாண்டுகிறதே ரயில், அங்கேதான் எல்லாம் மாறுகிறது!

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எல்லாம் மும்பை சிட்டி சிவில் கோர்ட்டின் எல்லைக்குள் வருபவை. அங்கே 10 கோடி ரூபாயைத் தாண்டிய சிவில் வழக்கை நேராக ஐகோர்ட்டிலேயே தொடுக்கலாம். சென்னை, கொல்கத்தா, தில்லி என்று சில ஊர்களுக்குத்தான் இப்படியொரு வழி உண்டு. நெருளோ தாணே மாவட்டம். இங்கே 100 கோடி ரூபாய் நிலத்தகராறு என்றாலும் தாணே மாவட்டத்து நீதிமன்றங்களில்தான் தொடங்கியாக வேண்டும்! இன்னும் கொஞ்சம் தள்ளி, பேலாப்பூருக்கு அடுத்த கார்கருக்குப் போங்கள்: அது ராய்கட் மாவட்டம், அதன் ஜில்லா கோர்ட் அலிபாகில்!

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் தனி, மத்திய அரசின் நீதிமன்றங்கள் தனி. ஒரே நகரில் இரண்டும் அருகருகே நடக்கும். நம் நாட்டிலும் மத்திய அரசு, மாநில அரசு என்று இரண்டு அரசுகள், இரண்டு வகைச் சட்டங்கள். ஆனால் நீதிமன்ற ஏணி ஒன்றே ஒன்று! நாடாளுமன்றம் இயற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் வரும் திருட்டு வழக்கும் சரி, மகாராஷ்டிர சட்டசபை இயற்றிய 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்ட வழக்கும் சரி, கடைசியில் போய்ச் சேர்வது அதே ஐகோர்ட்டுக்கும் அதே சுப்ரீம் கோர்ட்டுக்கும்தான். இத்தனை பெரிய நாட்டில் ஏழை வாடகைதாரருக்கும் கோடீஸ்வரருக்கும் உச்சியில் ஒரே வாசல்! நம் அரசியலமைப்பில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

மத்திய அரசும் மாநில அரசும் நீதிமன்றத்தில் இணையும் இந்த இணைப்பு எவ்வளவு நெருக்கமானது தெரியுமா? ஐகோர்ட் நீதிபதியை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அந்த நீதிபதிக்குச் சம்பளம் மாநிலக் கஜானாவிலிருந்து. ஓய்வு பெற்றதும் பென்ஷன் மத்தியக் கஜானாவிலிருந்து!

1862-இல் தொடங்கிய பம்பாய் ஐகோர்ட் மகாராஷ்டிரத்துக்கு மட்டுமா? கோவாவுக்கும் அதுதான், தாத்ரா நகர்ஹவேலி, டாமன் டையூவுக்கும் அதுதான். சுதந்திர இந்தியாவின் முதல் தலைமை நீதிபதி எச். ஜே. கனியா அந்த ஐகோர்ட்டிலிருந்து போனவர். இன்னொன்று கேளுங்கள்: நவசேவா துறைமுகத்தில் நிற்கும் வெளிநாட்டுக் கப்பலையே அந்த ஐகோர்ட்டால் கைது செய்ய முடியும்! மனிதரை அல்ல, கப்பலை! கடனைத் தீர்க்கும் வரை, அல்லது ஜாமீன் தொகை கட்டும் வரை, நங்கூரம் எடுக்க முடியாது.

செஷன்ஸ் நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தாலும், ஐகோர்ட் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது என்பது தெரியுமா? கீழ்க்கோர்ட்டில் விசாரணை மராத்தியில் நடக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவருக்கு மராத்தி புரியாவிட்டால், சாட்சியத்தை அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். தமிழ் மட்டும் தெரிந்தவர் தைரியமாகக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. அழைக்க வேண்டிய எண் 15100. இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லுங்கள்.