சோனிக் திரும்பிச் செல்லும் காலம்

காலப் பயணக் கதைகளில் நாயகனுக்குப் பெரும்பாலும் ஓர் இயந்திரம் கிடைத்துவிடும். விசையைத் திருகினால் ஆண்டுகள் பின்னோக்கி ஓடும். 1993இல் ஜப்பானின் சேகா நிறுவனம் தனது ‘மெகா சிடி’ கருவிக்காக வெளியிட்ட ‘சோனிக் சிடி’ என்ற வீடியோ கேம் அந்தச் சலுகையை ஆடுபவருக்கு வழங்கவில்லை. அதில் கடந்த காலத்துக்குச் செல்வதற்கே பாடுபட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விளையாட்டு நினைவில் நிற்பதற்கு இதையே முதன்மைக் காரணமாகக் கருதுகிறேன்.

ஓடியும் தாவியும் தடைகளைக் கடக்கும் ‘பிளாட்ஃபார்ம்’ வகை விளையாட்டுகளில் 1991இல் அறிமுகமான சோனிக் என்னும் நீல முள்ளெலிக்கு வேகமே அடையாளம். அந்தப் பாத்திரத்தை வரைந்தவர்களில் முதன்மையானவரான நவோட்டோ ஓஷிமாதான் ‘சோனிக் சிடி’யின் இயக்குநர். ஆண்டில் ஒரு மாதம் மட்டுமே வானில் தோன்றும் சிறு கோள் ஒன்றை டாக்டர் எக்மேன் சங்கிலியால் பிணைத்து, இயந்திரங்களால் நிரப்பத் தொடங்குகிறார். அதை மீட்பது சோனிக்கின் பணி.

கோளில் ஏழு மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கட்டங்கள். முதல் இரு கட்டங்களில் ‘கடந்த காலம்’, ‘எதிர்காலம்’ என்று எழுதிய பலகைகள் ஆங்காங்கே நிற்கும். ஒன்றைத் தொட்டுவிட்டுச் சில நொடிகள் உச்ச வேகம் குறையாமல் ஓடினால் காலம் மாறும். நடுவே ஒரு சுவரில் முட்டினாலோ ஒரு பகைவன் குறுக்கிட்டாலோ வாய்ப்பு நழுவும். காலம் மாறியதும் அதே இடம் வேறொரு தோற்றம் கொள்ளும். ஓவியம், இசை, பாதையின் அமைப்பு எல்லாமே மாறிவிடும். குறுந்தகட்டின் மிகுதியான கொள்ளளவு இதற்குக் கைகொடுத்தது.

கடந்த காலத்தை அடைந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ரோபோக்களை உருவாக்கும் இயந்திரம் ஒன்று அங்கே எங்கோ மறைந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து உடைத்தால் அந்தக் கட்டத்தின் எதிர்காலம் நல்லதாகும். தேடுவதற்கோ வேகம் உதவாது. மேலே ஏறி, கீழே இறங்கி, வந்த வழியிலேயே திரும்பி, ஒவ்வொரு மூலையையும் பார்க்க வேண்டும். வேகத்துக்குப் பெயர் பெற்ற நாயகனை இப்படி நின்று தேட வைப்பது முரண்பாடு என்று குறை கூறுவோர் உண்டு. நான் உடன்படவில்லை. அங்கே போய்ச் சேர வேகமும், போன பிறகு நிதானமும் தேவைப்படும்படி ஒரே விளையாட்டில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததே இதன் சிறப்பு. வேடிக்கை என்னவென்றால், ஆடுபவர் மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால், சோனிக் பொறுமையிழந்து திரையைவிட்டே குதித்துப் போய்விடும், ஆட்டமும் முடிந்துவிடும்!

இவை எதையும் செய்யாமலே விளையாட்டை முடித்துவிடலாம் என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்த அம்சம். பலகைகளைப் பொருட்படுத்தாமல் வலப்பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தால் எந்தத் தண்டனையும் கிடையாது. ஆனால் மூன்றாம் கட்டம் எப்போதும் எதிர்காலத்திலேயே நிகழ்கிறது. முதல் இரு கட்டங்களின் இயந்திரங்களையும் விட்டுவிட்டு வந்தவர், துருவும் புகையும் சூழ்ந்த ஒரு மண்டலத்தில் நுழைவார். எக்மேன் ஜெயித்ததால் வந்த அழிவு அன்று அது. ஒருவர் கவனிக்காமல் கடந்து சென்றதால் வந்தது. இதை விளக்க ஒரு வரி வசனம்கூட இல்லை.

நல்ல எதிர்காலத்தைப் படைப்பாளிகள் வரைந்த விதமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. மனிதக் கைபடாத காட்டை அவர்கள் வரையவில்லை. அங்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. ஆனால் செடிகொடிகளோடு இணைந்து இருக்கிறது. தாக்கவரும் ரோபோக்கள் மட்டும் இல்லை. கடந்த காலத்துக்குச் சென்றவர் அந்தக் காலத்தையே மீட்டுக் கொண்டுவருவதில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தின் முடிவில் ஐம்பது வளையங்கள் கையிலிருந்தால் தனியொரு போட்டிக் களம் திறக்கும். அங்கே ‘காலக் கற்கள்’ ஏழையும் வென்றுவிட்டால், அதன்பின் வரும் எதிர்காலங்கள் எல்லாம் தாமாகவே நல்லவையாகிவிடும். பலர் இந்தக் குறுக்கு வழியையே தேர்ந்தனர். உழைத்துச் சரிசெய்ய வேண்டிய ஒன்றை மந்திரக் கல்லால் சரிசெய்ய விடுவது, விளையாட்டு தன் கருத்தின் மீதே நம்பிக்கை இழந்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது.

இசையில் நேர்ந்ததோ எவரும் திட்டமிடாத ஒன்று. நவோஃபூமி ஹட்டாயா, மசாஃபூமி ஒகாட்டா ஆகியோரின் இசை ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ஒலிக்க, வட அமெரிக்கப் பதிப்புக்கு ஸ்பென்சர் நீல்சன் குழுவினர் புதிய இசை அமைத்தனர். எது சிறந்தது என்ற சண்டை ரசிகர்களிடையே நெடுங்காலம் நீடித்தது. ஆனால் கடந்த காலக் காட்சிகளின் இசை மட்டும் குறுந்தகட்டின் ஒலித்தடத்தில் பதிவாகாமல், கருவியின் ஒலிச் சில்லிலிருந்தே பிறந்தது. அதனால் அது மாற்றப்படவில்லை. நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் வெவ்வேறு இசையைக் கேட்ட இரு தரப்பினரும், கடந்த காலத்தில் ஒரே இசையைத்தான் கேட்டார்கள். 2011இல் கிறிஸ்டியன் வைட்ஹெட் உருவாக்கிய மறுபதிப்பில் இரண்டு இசைகளும் இடம்பெற்றன. வேண்டியதை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம்.