உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸில் ஒரு ஸ்டூடியோ

● ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியதும் அதற்கான டிரைவரைத் தேடி ஓடுவது விண்டோஸ் பழக்கம். லினக்ஸில் பெரும்பாலும் அந்த வேலையே இல்லை. யு.எஸ்.பி. ஒலிக் கருவிகளுக்கென்று பொதுவான விதிமுறை ஒன்று உண்டு. அதன்படி செய்யப்பட்ட கருவியை 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்பார்கள். அப்படிப்பட்ட கருவியைச் செருகியதும், லினக்ஸின் உள்மையமான கெர்னலிலேயே இருக்கும் பொது டிரைவர் அதைப் பார்த்துக்கொள்ளும். இந்த விதிமுறையின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு லினக்ஸில் 2010-இல், 2.6.35 கெர்னலில் வந்துவிட்டது. விண்டோஸோடு சேர்ந்தே அது கிடைத்தது 2017-இல்தான். "லினக்ஸில் சவுண்டே ஒழுங்காக வராதே" என்று இன்றும் சொல்பவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகளையும் சொல்லலாம்.

● இதில் ஐபேடுக்கும் பங்கு உண்டு! ஒலிக் கருவி நிறுவனங்கள் தங்கள் சொந்த டிரைவரை ஐபேடில் ஏற்ற நெடுங்காலம் வழியே இல்லாமல் இருந்தது. ஐபேடிலும் தங்கள் கருவி வேலை செய்ய வேண்டுமென்றால் பொது விதிமுறைக்கு வந்தாக வேண்டும். வந்தார்கள்; பலன் லினக்ஸுக்கும் கிடைத்தது. ஆகவே கடையில் "லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்டுப் பதில் வராவிட்டால், "ஐபேடில் தனி டிரைவர் இல்லாமல் ஓடுமா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் பெரும்பாலும் தைரியமாக வாங்கலாம்.

● ஒலி வருவது ஒரு கட்டம். கருவியின் உள்ளே இருக்கும் மிக்சரையும், எந்த மைக் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையும் கணினியிலிருந்து மாற்றுவது அடுத்த கட்டம். பொது விதிமுறை அவ்வளவு தூரம் வராது. ஒவ்வொரு நிறுவனமும் அங்கே தனக்கென்று ஒரு ரகசியப் பேச்சு வைத்திருக்கிறது. வீட்டு ஸ்டூடியோக்களில் சிவப்பாகக் கண்ணில் படும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் கருவிகளுக்கு அந்தப் பூட்டைத் திறந்தவர் ஆஸ்திரேலியரான ஜெஃப்ரி பென்னெட். அவர் எழுதிய கெர்னல் டிரைவரை முன்பெல்லாம் ஒரு சிறப்பு அமைப்பு கொடுத்துத்தான் இயக்க வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் வெளிவந்த 6.7 கெர்னலிலிருந்து தானாகவே இயங்குகிறது. மிக்சரைத் திரையில் பார்த்து மாற்ற ஒரு வரைகலைச் செயலியையும் அவரே எழுதி இலவசமாகத் தந்திருக்கிறார். நிறுவனத்தின் சொந்தச் செயலி விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே என்ற நிலையில், இது எத்தனை பேருடைய பணத்தை மிச்சப்படுத்தியிருக்கும்!

● புதிதாகப் பெட்டியைத் திறந்த மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட்டை லினக்ஸில் செருகினால் ஒலிக் கருவியோடு ஒரு பென்டிரைவும் சேர்ந்து தோன்றும். பழுது என்று நினைக்க வேண்டாம். வாங்கியவரைப் பதிவுப் பக்கத்துக்கு அழைத்துப் போவதற்காக நிறுவனம் வைத்த ஏற்பாடு அது. ஆனால் அந்த நிலையில் இருக்கும் வரை கருவியின் சில வசதிகள் திறக்காது. சிறிய மாடல்களில் 48 வோல்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே யு.எஸ்.பி. கேபிளைச் செருகி, சில நொடிகள் கழித்து விட்டால் அந்தப் பென்டிரைவ் மறைந்துவிடும். கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டினால் முழுக் கருவியும் உங்கள் கையில். மேலே சொன்ன வரைகலைச் செயலியிலும் இதற்கு ஒரு தேர்வு இருக்கிறது.

● மோட்டு நிறுவனத்தின் ஏ.வி.பி. வரிசைக் கருவிகளுக்கு மிக்சர் மென்பொருள் எதையும் நிறுவ வேண்டாம். கருவிக்குள்ளேயே ஒரு வலைச் சேவையகம் இருக்கிறது. உலாவியில் அதன் முகவரியைக் கொடுத்தால் மிக்சர் முழுவதும் விரியும். எந்த இயங்குதளம் என்ற கேள்வியே எழாது. எல்லா நிறுவனமும் இப்படிச் செய்தால் என்ன?

● மறுபக்கம்: யுனிவர்சல் ஆடியோவின் அப்போலோ கருவிகளுக்கு நிறுவனம் லினக்ஸ் டிரைவர் தரவில்லை. புரோ டூல்ஸுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. இவை இல்லாமல் வேலை ஓடாது என்பவர் இயங்குதளத்தை மாற்றும் முன் யோசிக்க வேண்டும். லினக்ஸில் ஸ்டூடியோ வைப்பதில் முக்கால் பங்கு வெற்றி, கருவியைத் தேர்ந்தெடுக்கும் கடையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

● பதினெட்டு இன்புட் உள்ள கருவியை வாங்கிச் செருகினால், டெஸ்க்டாப் அமைப்புகளில் அது 'சரவுண்ட் 7.1' என்று ஏதோ ஹோம் தியேட்டர் போலக் காட்டுகிறதா? ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியில் 'கான்ஃபிகரேஷன்' பக்கம் போய், அந்தக் கருவிக்கு 'புரோ ஆடியோ' என்ற புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். எல்லாச் சேனல்களும் வரிசை எண்ணோடு, எந்தக் கலப்பும் இல்லாமல் வந்து நிற்கும். நல்ல கருவியை "லினக்ஸுக்கு ஒத்துவராது" என்று திருப்பிக் கொடுத்தவர்களில் பலருக்கு இந்த ஒரு தேர்வு தெரிந்திருந்தால் போதும்.

● பாடகர் பாடுகிறார். ஹெட்போனில் அவர் குரலே கொஞ்சம் பிந்தி வருகிறது. அந்தப் பிந்தலைக் காகிதத்திலேயே கணக்குப் போடலாம். பஃபர் (ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைக்கும் இடம்) அளவு 128 சாம்பிள், வேகம் நொடிக்கு 48,000 சாம்பிள் என்றால், 128-ஐ 48,000-ஆல் வகுக்க 2.67 மில்லிநொடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று: ஆக 5.3 மில்லிநொடி. ஒலி காற்றில் ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எனவே இது ஸ்பீக்கரிலிருந்து ஏறக்குறைய 1.8 மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். யாருக்கும் உறுத்தாது. பஃபர் 1,024 என்றால் ஒரு பக்கத்துக்கே 21.3 மில்லிநொடி, இரு பக்கமும் சேர்த்தால் பதினான்கு மீட்டருக்கும் மேல். தாளம் பிசகும் இடம் அது. கருவியும் யு.எஸ்.பி.யும் தங்கள் பங்குக்குச் சேர்க்கும் தாமதம் இதற்கு மேல்.

அந்தக் கூடுதல் தாமதத்தையும் ஊகிக்க வேண்டியதில்லை. கருவியின் முதல் அவுட்புட்டிலிருந்து முதல் இன்புட்டுக்கு ஒரு சிறு கேபிளை மாட்டுங்கள். ஆர்டர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் ஆடியோ அமைப்பில் 'கேலிப்ரேட்' செய்யச் சொன்னால் அது ஒலியை அனுப்பித் திரும்பப் பெற்று, உண்மையான தாமதத்தை அளந்து சொல்லும். பிறகு பதிவாகும் ஒவ்வொரு டிராக்கையும் அத்தனை சாம்பிள் முன்னால் நகர்த்தி வைக்கும். ஸ்பீக்கர் ஒலியை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனை ஒலி காதுக்கு இனிமையானது அல்ல.

● கணினி வேகமாக இருந்தால் போதும், ஒலி உடையாது என்பது பரவலான நம்பிக்கை. வேகம் வேறு, நேரம் தவறாமை வேறு. எக்ஸ்பிரஸ் ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் உங்கள் ஊருக்கு வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் உங்களுக்கு என்ன பயன்? மேலே போட்ட கணக்குப்படி 2.67 மில்லிநொடிக்கு ஒருமுறை புதிய ஒலித் துண்டு தயாராக இருக்க வேண்டும். ஒரே ஒருமுறை தவறினாலும் 'டிக்' என்று கேட்கும். இந்தத் தவறலுக்கு 'எக்ஸ்ரன்' என்று பெயர். 'பிடபிள்யூ-டாப்' என்ற கட்டளையை முனையத்தில் ஓட்டினால், எந்தச் செயலி எவ்வளவு நேரம் எடுக்கிறது, எத்தனை முறை தவறியது என்பதை வரிவரியாகக் காட்டும். பிழை எண்ணிக்கை ஏறுகிற வரியைப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான்.

● எக்ஸ்ரன் வந்தால் உடனே புதிய கணினி வாங்கக் கிளம்ப வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது அனுமதி. ஒலிச் செயலிகள் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஓடவும், நினைவகத்தில் தங்கள் இடத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளவும் உங்கள் பயனர் கணக்குக்கு உரிமை வேண்டும். டெபியன், உபுண்டுவில் ஜாக் ஒலிச் சேவையகத்தை நிறுவும்போதே "ரியல்டைம் முன்னுரிமை வேண்டுமா?" என்று கேட்கும். ஆம் சொல்லி, உங்கள் கணக்கை 'ஆடியோ' குழுவில் சேருங்கள். பலர் மறந்துவிடும் கடைசிப் படி: லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வந்தால்தான் அந்த உரிமை அமலுக்கு வரும். அடுத்து சிபியூவின் மின்சிக்கன நிலையை 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். இன்டர்ஃபேஸை ஹப்பில் மாட்டாமல் நேராகக் கணினியில் மாட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் டிக் டிக் என்று கேட்டால் வைஃபையை அணைத்துப் பாருங்கள்.

● லினக்ஸுக்கு நேரம் தவறாமையைக் கற்றுக்கொடுக்க ஒலி நிரலாளர்கள் வெகுகாலம் போராடினார்கள். 2000-ஆம் ஆண்டிலேயே லினஸ் டோர்வால்ட்ஸுக்குக் கூட்டாகக் கடிதம் எழுதி, கெர்னலின் தாமதத்தைக் குறைக்கக் கேட்டார்கள். இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் போன்றவர்கள் 'ரியல்டைம்' ஒட்டுநிரல்களைக் கெர்னலுக்கு வெளியே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வளர்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது உள்ளே போனது. மிச்சமிருந்த கடைசிப் பகுதி 2024 செப்டம்பரில் ஏற்கப்பட்டு, நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் இடம்பெற்றது. அந்தக் கடைசி விண்ணப்பத்தை கிளைக்ஸ்னர் வழக்கமான மின்னஞ்சலோடு நிறுத்தவில்லை. காகிதத்தில் அச்சிட்டு, தங்க நிற உறையில் சுற்றி, டோர்வால்ட்ஸின் கையிலேயே கொடுத்தார். இருபது ஆண்டு உழைப்புக்கு அந்த மரியாதை தகும்.

இன்னொரு நல்ல செய்தி: வீட்டு ஸ்டூடியோவுக்கு அந்த ரியல்டைம் கெர்னல்கூடக் கட்டாயமில்லை. சாதாரணக் கெர்னலிலேயே, கணினி துவங்கும்போது ஒன்றிரண்டு தேர்வுகளைக் கொடுத்தால் 128 சாம்பிள் பஃபரில் நிம்மதியாகப் பதிவு செய்யலாம்.

● ஆர்டர் மென்பொருளைத் தொடங்கிய பால் டேவிஸ், அமேசான் முளைவிட்ட காலத்தில் அங்கே வேலை செய்த முதல் நிரலாளர்களில் ஒருவர். அங்கிருந்து வெளியேறியவர், லினக்ஸில் ஒழுங்கான பல்தட ஒலிப்பதிவுக்கு வழி இல்லை என்று கண்டு தாமே எழுத உட்கார்ந்தார். அந்த முயற்சியின் நடுவே, ஒரு செயலியின் ஒலியை இன்னொன்றுக்குக் கேபிள் மாட்டுவதுபோல் இணைக்க ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது, அதுதான் ஜாக். ஆர்டரின் மூலநிரல் எல்லோருக்கும் இலவசம். தயாராகத் தொகுத்த பதிப்புக்கு உங்களால் முடிந்த சிறு தொகை கொடுத்தால் போதும். பெரிய திரைப்பட மிக்சிங் கன்சோல்கள் செய்யும் ஹாரிசன் நிறுவனத்தின் மிக்ஸ்பஸ் மென்பொருள்கூட ஆர்டரின் மேல் கட்டப்பட்டதுதான்.

● இசைக்கு ஜாக், உலாவிக்கும் படத்துக்கும் பல்ஸ்ஆடியோ என்று லினக்ஸ் ஒலி இரண்டு வீடாகப் பிரிந்து கிடந்தது. ஒன்று கருவியைப் பிடித்துக்கொண்டால் மற்றொன்று ஊமையாகிவிடும். பாட்டைப் பதிவு செய்துகொண்டே யூடியூபில் ஒரு மாதிரிப் பாட்டைக் கேட்பதுகூடப் பெரும்பாடு. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது பைப்வயர். எழுதியவர் விம் டேமன்ஸ். ஜிஸ்ட்ரீமர் என்ற பல்லூடகக் கட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். முதலில் அவர் நினைத்தது வீடியோவுக்காக மட்டும்! 2021-இல் ஃபெடோரா 34 இதை ஒலிக்கு இயல்பாக ஏற்றது, 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. ஜாக்குக்காக எழுதிய பழைய செயலிகள், தாங்கள் ஜாக்கோடுதான் பேசுகிறோம் என்று எண்ணிக்கொண்டே இதில் ஓடுகின்றன. கடந்த இருபது ஆண்டில் லினக்ஸ் ஒலிக்கு நேர்ந்த ஆகப் பெரிய நன்மை இதுதான் என்பேன்.

● கோர்க் நிறுவனத்தின் ஒயாசிஸ், குரோனோஸ் கீபோர்டுகளுக்கும், யமஹா மோடிஃப் எக்ஸ்.எஸ். கீபோர்டுக்கும் உள்ளே ஓடுவது லினக்ஸ். "தொழில்முறை இசைக்கு லினக்ஸ் ஆகாது" என்பவர், அதே லினக்ஸின் மேல் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருக்கலாம்.

● வணிக மென்பொருள்களும் வந்துவிட்டன. பெர்லினின் பிட்விக் ஸ்டூடியோ 2014-இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே லினக்ஸில் உண்டு. ரீப்பர், ரீனாய்ஸ், பியானோடெக் எல்லாமே நேரடி லினக்ஸ் பதிப்புகள். விண்டோஸுக்கு மட்டுமே கிடைக்கும் பிளக்இன்களை ஒயின் என்ற இணக்க மென்பொருள் வழியாக லினக்ஸ் மென்பொருளுக்குள் ஓட்ட 'யாபிரிட்ஜ்' என்ற பாலம் இருக்கிறது. இந்த வழியில் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒலி அல்ல, உரிமம் சரிபார்க்கும் பூட்டு. பணம் கொடுக்கும் முன் சோதனைப் பதிப்பை ஓட்டிப் பாருங்கள். விஎஸ்டி 3 வகைப் பிளக்இன்களை எழுதத் தேவையான கருவித்தொகுப்பை ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 2025 அக்டோபரில் எம்.ஐ.டி. உரிமத்துக்கு மாற்றிவிட்டது. சிறு நிரலாளர்களுக்கு இது கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

● அலமாரியில் ஒரு பழைய ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் கிடக்கிறதா? காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆப்பிள், 2025-இல் வந்த மேக் ஓஎஸ் 26-இல் ஃபயர்வயரை அறவே கைவிட்டது. லினக்ஸிலோ, ஜப்பானைச் சேர்ந்த தகாஷி சகமோட்டோ அந்தப் பொறுப்பைத் தானே ஏற்று, 2029 வரை பராமரிப்பதாக அறிவித்திருக்கிறார். அக்காலத்தில் பெரும் விலைக்கு விற்ற, நல்ல மைக் ப்ரீஆம்ப் கொண்ட பல கருவிகள் இப்போது பழைய பொருளுக்கான விலைக்குக் கிடைக்கின்றன. டெஸ்க்டாப் கணினியில் மாட்ட ஒரு ஃபயர்வயர் கார்டு வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கருவியின் பெயர் லினக்ஸ் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் சரிபார்த்துவிட்டு, பிறகு கார்டுக்குக் காசு கொடுங்கள்.