காட்சிப் பட்ஜரிகர் கிளிகளில் வம்சத் தேர்வு

பட்ஜரிகர் என்னும் சிறு கிளியின் தாயகம் ஆஸ்திரேலியா. 1840-ம் ஆண்டில் ஜான் கூல்டு என்னும் பறவை நூலறிஞர் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். காட்சிக்கென அதனை வளர்ப்போரின் சங்கம் அந்நாட்டில் 1925-ல் ஏற்பட்டது.

புதிதாய் இத்தொழிலில் இறங்குவோர், பரிசு பெற்ற பறவைகளைப் பல இடங்களிலிருந்து வாங்கி இணைப்பதுண்டு. பணம் விரயமாவதற்கு இதனினும் எளிய வழி இல்லை. ஒரு பறவையின் அழகு அதன் குஞ்சுகளில் இறங்குமென்பது நிச்சயமன்று. பொலிகாளையைத் தேர்வோர் அதன் தாயின் கறவையை விசாரிப்பதுபோல, இங்கும் உடன்பிறந்த பறவைகளையும் கூட்டுக் குறிப்பேட்டையும் பார்த்தே வாங்கவேண்டும். ஒரே வளர்ப்பாளரிடம், பல தலைமுறை பேணப்பட்ட ஒரே வம்சத்தில் இரண்டு மூன்று ஜோடிகள் போதும். அவ்வம்சத்துப் பேடு பரிசு பெறாததாயினும் குற்றமில்லை.

நிறத்தைக் கண்டு ஏமாறலாகாது. பச்சை நிறம் நீலத்தை மறைக்கும். நீலத்தை உள்ளடக்கிய இரு பச்சைக் கிளிகளை இணைத்தால், சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்று நீலமாய்ப் பிறக்கும். குற்றங்களும் இவ்வாறே மறைந்து நிற்பதுண்டு. உடன்பிறந்தவற்றை இணைத்தால் அவை விரைவில் வெளிப்படும். ஆதலின் பாட்டனோடு பேத்தியையோ, ஒரே ஆணுக்கு இரு பேடுகளிடம் பிறந்தவற்றையோ இணைத்தலே உத்தமம்.

நீண்டு தடித்த இறகுடைய பறவைகளையே தலைமுறைதோறும் இணைத்தலும் தகாது. பருத்த தோற்றம் கண்ணைக் கவரும். ஆயினும் இறகு தோலினடியிற் சுருண்டு கட்டிகள் எழும். அத்தகைய பறவைக்கு நெருங்கிய குறு இறகுடைய துணையே ஏற்றது.

முட்டைகள் கருக்கூடாமல் வீணாவது மிகுந்தால் வெளி வம்சத்துப் பறவை ஒன்றைச் சேர்க்கலாம். அதன் குஞ்சுகளை ஒரு பருவம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மூல வம்சத்தோடு கலக்கவேண்டும்.