அடித்தவருக்கு வெள்ளி, விழுந்தவருக்குத் தங்கம்

“மகள் பிளாக் பெல்ட் வாங்கிவிட்டால் இனி பயமில்லாமல் வெளியே அனுப்பலாமா?” என்று தஞ்சாவூர் வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

கராத்தே வகுப்பு தெருவுக்குத் தெரு வந்துவிட்டது; அதை நான் விளக்க வேண்டியதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 7 அன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன். 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவின் இறுதிப் போட்டி. சவூதி வீரர் தாரெக் ஹமேதி 4-1 என முன்னிலையில் இருந்தார். அவர் சுழற்றி விட்ட உதையில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவர்கள் ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். கஞ்ச்சாதே கண் விழித்தபோது தங்கம் அவருடையது!

தீர்ப்பு சரியானதே. தலைக்கு விடும் உதைக்கு அதிகபட்சமான 3 புள்ளி கிடைக்கும். ஆனால் அது பட்டும் படாமல் நிற்க வேண்டும். முழு வேகத்தில் வரும் காலைத் தோலருகே நிறுத்துவது எத்தனை வருட உழைப்பு! எனக்குச் சலிக்காத அதிசயம் அது. ஆனால் உடம்பு பழகியதைத்தான் செய்யும்; தெருவில் ஆபத்து வந்தாலும் காலை நிறுத்தத்தான் பார்க்கும். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய கையோடு கோயம்பேடு நெரிசலில் வண்டியை இறக்கியபோது எனக்கு அது புரிந்தது.

வெளியே நடுவர் இல்லை, எடைப் பிரிவு இல்லை. பெண்களிடம் அத்துமீறுபவர் பெரும்பாலும் தெரிந்தவர். கனடாவில் சார்லின் சென் என்ற உளவியலாளர் இதை மனதில் வைத்து 12 மணி நேரப் பயிற்சி ஒன்றை வடிவமைத்தார். அதில் அடிதடி ஒரு பகுதிதான். தெரிந்தவரிடம் ஆபத்தை அடையாளம் காண்பதும், தயக்கத்தை உடைத்து மறுப்பதும் மற்ற பாடங்கள். சுமார் 900 மாணவிகளிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. துண்டுப் பிரசுரம் மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம்.

நம் வகுப்புகள் பலவற்றில் பெல்ட் தேர்வுக்கும் ஆண்டு விழாவில் ஓடு உடைப்பதற்கும் கிடைக்கும் நேரம், வாய்விட்டுக் கத்திப் பழகக் கிடைப்பதில்லை. இது கராத்தேயின் குறையன்று, கற்றுத்தருகிறவர்களின் அலட்சியம்.

அம்மா, மகள் தொடர்ந்து போகட்டும். மூச்சும் உறுதியும் கூடும். நிஜமாகவே இறுக்கிப் பிடிப்பவரிடமிருந்து திமிறி ஓடப் பழக்குகிறாரா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். “அந்த மாமா வீட்டுக்கு வர வேண்டாம்” என்று அவள் சொன்னால் அதட்டாமல் காது கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.